இன்ஜின் ஆயில்: அயல்நாட்டு ஓட்டமும் சேலத்துச் சாலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை நெருங்கும்போது சேலத்து உதிரிபாகக் கடைகளிலும் சர்வீஸ் நிலையங்களிலும் இன்ஜின் ஆயில் பற்றிய கேள்விகள் பெருகுகின்றன. பல ஆண்டுகளாக மோட்டார் பட்டறைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னிடமும் அவை வருகின்றன. பெரும்பாலோர் கேட்பது, ஐரோப்பியத் தரம் உயர்ந்ததா, அமெரிக்கத் தரம் உயர்ந்ததா என்பதே. தங்கத்துக்கு முத்திரை பார்ப்பதுபோல, டப்பாவின் மேல் உள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்), ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம்) குறியீடுகளைப் பார்த்து ஆயிலை எடை போட்டுவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில், எந்தத் தட்பவெப்பத்தில், எத்தகைய வண்டியை ஓட்டுகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பட்டறைக்கு வருகிறார்கள் என்பதையெல்லாம் கணக்கிட்டு, அந்த ஓட்டத்தில் இன்ஜின் கெடாமலிருக்க ஆயில் எவற்றைத் தாங்க வேண்டும் என்று வகுத்த சோதனைகளின் தொகுப்பே அந்தக் குறியீடு. ஆகவே ஒரு தரம் யாருடைய ஓட்டத்துக்காக எழுதப்பட்டது, நம் ஓட்டம் அதனோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று கேட்பதே நமக்குப் பயன் தரும். இதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் எரிபொருள் மீதான வரி நெடுங்காலமாகவே அதிகம். அதனால் அங்குள்ளவர்கள் சிறிய இன்ஜின், கையால் மாற்றும் கியர், டீசல் என்ற வழியில் போனார்கள். 2011ஆம் ஆண்டில் மேற்கு ஐரோப்பாவில் விற்பனையான புதிய கார்களில் பாதிக்கும் மேற்பட்டவை டீசல் கார்கள். அதே சமயம் அவர்களுடைய சாலைகள் வேகமானவை. பிரான்சிலும் இத்தாலியிலும் விரைவுச்சாலையின் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர். ஜெர்மனியின் ஆட்டோபானில் பல பகுதிகளுக்கு உச்ச வரம்பே கிடையாது, 130 என்பது அங்கு வெறும் பரிந்துரை. சிறிய இன்ஜின் ஒன்று அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது அதன் சுழற்சி உயர்ந்தே இருக்கும், ஆயிலும் கடுமையாகச் சூடேறும், பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள எண்ணெய்ப் படலம் மெலியும். இதற்காகவே 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வேகமாக அரைபடும் நிலையில், ஆயிலின் பாகுத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கும் சோதனைக்கு ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம் தன் விதிகளில் பெரிய இடம் கொடுத்தது. 1991இல் உருவான அந்தச் சங்கம் 1996இல் வெளியிடத் தொடங்கிய ஏசிஇஏ வகைகளில், ஏ3/பி4 என்பதற்கு அந்த அளவு குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல் விநாடி இருக்க வேண்டும். அமெரிக்க முறையில் 5டபிள்யூ-30 வகைக்கு (முதல் எண் குளிரிலும் பின் எண் சூட்டிலும் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிப்பவை) 2.9 போதும்; 20 என முடியும் வகைக்கு 2.6 போதும். இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றே எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல என்பதைப் பல மெக்கானிக்குகளே அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஐரோப்பியரின் இன்னொரு வழக்கம், ஆயிலை நீண்ட இடைவெளியில் மாற்றுவது. அங்கே பட்டறைக் கூலி அதிகம். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் கார்களும் ஏராளம். வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றாலும் இழப்பு. ஆகவே 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு வரை ஆயிலை மாற்றாமல் ஓட்டும் திட்டங்களைச் சில கார் நிறுவனங்கள் வகுத்தன. அதற்கு ஈடு கொடுக்கும் ஆயிலுக்குத் தமக்கென்று தனி அங்கீகார எண்களையும் வைத்துக்கொண்டன. இந்த 30,000 என்ற எண்தான் நம் ஊருக்கு வந்து விளம்பரமாகிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக, முழுச் சூட்டில், தூசியில்லாத காற்றை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டியையும், ஆயிலின் நிலையைக் கணக்கிட்டு எச்சரிக்கும் கருவியையும் நம்பி எழுதப்பட்ட எண் அது என்ற செய்தி மட்டும் உடன் வருவதில்லை.

அமெரிக்கரின் ஓட்டம் வேறு. அங்கே பெட்ரோல் மலிவு, கார் பெரிது, இன்ஜினும் பெரிது. 1974 முதல் 1995 வரை மத்தியச் சட்டமே வேகத்துக்கு வரம்பு விதித்திருந்தது. தொடக்கத்தில் அது மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். பெரிய ஆறு அல்லது எட்டு சிலிண்டர் இன்ஜின், தானியங்கி கியர், அகன்ற சாலை என்று போகும்போது இன்ஜின் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. பள்ளிக்கும் கடைக்கும் செல்லும் சிறு ஓட்டம், பனிக்காலத்தில் சூடேறாமலே நின்றுவிடும் ஓட்டம், கோடையில் நெடுஞ்சாலையில் பாரம் இழுத்துச் செல்லும் நீண்ட ஓட்டம், நகரத்தில் நின்று நின்று செல்லும் ஓட்டம் ஆகியவையே அவர்கள் பார்த்த தொல்லைகள். சீக்வென்ஸ் என்ற பெயரில் அவர்கள் வகுத்த இன்ஜின் சோதனைகள் இந்த வழக்கங்களிலிருந்தே பிறந்தவை: மூன்றாவது வரிசைச் சோதனை கோடை நெடுஞ்சாலையின் சூட்டில் ஆயில் கெட்டியாகிறதா என்று பார்க்கிறது, ஐந்தாவது வரிசை, நின்று நின்று ஓடும் நகர ஓட்டத்தில் இன்ஜினுக்குள் கசடு சேர்கிறதா என்று பார்க்கிறது. 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஐயாயிரம் கிலோமீட்டருக்குள், ஆயிலை மாற்றிவிடும் பழக்கமும் அங்கே நெடுநாள் இருந்தது.

அமெரிக்க ஆயிலை மெல்லியதாக்கியதில் ஓட்டுநர்களின் வழக்கத்தோடு சட்டத்துக்கும் பங்குண்டு. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு காரில் ஆயிலை மெல்லியதாக்குவதால் மிஞ்சும் பெட்ரோல் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். ஆனால் லட்சக்கணக்கான கார்களின் சராசரியில் அதுவே அபராதத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையிலான வேறுபாடாக அமைந்துவிடும். மைலேஜ் சோதனையில் ஊற்றிய ஆயிலையே வாடிக்கையாளருக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் எதிர்பார்ப்பு என்பதால், உரிமையாளர் கையேட்டிலும் அந்த மெல்லிய ஆயில் ஒன்றே இடம்பெற்றது. பிற நாடுகளில் விற்கப்படும் அதே இன்ஜினுக்கு வெளி வெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று வகைகளைக் காட்டும் அட்டவணை தரப்படுவதும், அமெரிக்கப் பதிப்பில் ஒரே வகை குறிப்பிடப்படுவதும் இதனால்தான்.

நம் நாட்டிலும் 2017-18 முதல் இத்தகைய சராசரி எரிபொருள் திறன் விதி நடைமுறைக்கு வந்து, 2022-23 முதல் இறுகியிருக்கிறது. இன்று விற்பனையாகும் பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று பரிந்துரைக்கப்படுவதன் பின்னணி இது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரைக் குறிப்பது. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியிலும் இன்ஜின் சுழலத் தடையாக இராத ஆயில் என்று பொருள். ஏற்காட்டின் மார்கழி இரவில்கூட நமக்கு அப்படியொரு தேவை எழுவதில்லை. ஆனால் இதைப் படிக்கும் எவரும், மெல்லிய ஆயில் குறிப்பிடப்பட்ட புதுக் காருக்கு உடனே தடித்த ஆயிலை ஊற்றிவிடக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். அந்த இன்ஜினின் ஆயில் பம்ப்பும், பேரிங் இடைவெளியும், வால்வு நேரத்தை மாற்றும் பொறியும் அந்த ஆயிலை எண்ணியே அமைக்கப்பட்டவை. கையேட்டில் மாற்று வகை அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டும், நம் வெயிலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி நம் ஓட்டத்துக்கு வருகிறேன். அஸ்தம்பட்டியில் வீடு, ஐந்து ரோட்டில் கடை, மாலையில் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு வேலை என்று வாழும் குடும்பத்தின் கார், ஒரு தடவைக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் உடன் இறங்குகிறது. நீண்ட ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டை அடைந்து இவற்றை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். குறுகிய ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடேற இன்னும் நெடுநேரம் ஆகும் என்பதைப் பலர் அறிவதில்லை. சேலத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவதால் இத்தொல்லை ஓரளவு குறையுமே தவிர நீங்காது. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்த பிறகு நீர் பற்றிய கவலை இன்னும் கூடுகிறது. இவ்விடத்தில் அமெரிக்கத் தரம் நமக்கு உதவுகிறது. சோளத்திலிருந்து எடுத்த எத்தனாலைப் பெருமளவில் கலந்து ஓட்டும் வழக்கம் அங்கே முன்பே வந்துவிட்டதால், ஆயிலில் இறங்கும் நீரும் எத்தனாலும் தனியே பிரிந்து அடியில் தங்காமல் இருக்கின்றனவா என்ற சோதனையை அமெரிக்க, ஜப்பானியக் கார் நிறுவனங்களின் கூட்டுக் குழுவான ஐஎல்சாக் 2010இல் கொண்டுவந்த ஜிஎஃப்-5 தரத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும் காருக்கு எஸ்என், எஸ்பி போன்ற பிந்தைய அமெரிக்க வகைகளில், ஐஎல்சாக் முத்திரையும் உள்ள ஆயிலைக் கையேடு காட்டுமானால், அதை மலிவு ஆயிலுக்காக விட்டுவிடக் கூடாது.

நகரத்துக் கார் ஒருபுறமிருக்க, மலை நமக்கு அருகிலேயே இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆட்களும் மூட்டைகளுமாக ஒன்றரை டன் எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், இன்ஜினின் திறனைக் கணக்கில் கொண்டால், ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோல் எரிய வேண்டும். ஆட்டோபானில் 130இல் போகும் காரும் இன்ஜினை வருத்துகிறது. ஆனால் அதன் முகத்தில் காற்று மோதிக்கொண்டே இருக்கிறது. ஏற்காட்டுப் பாதையில் செகண்ட் கியரில், 20 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியும் ஓட, முன்னால் பேருந்து ஒன்று திரும்பக் காத்திருக்கும்போது, அந்தக் காற்று கிடைப்பதில்லை. ஐரோப்பியத் தரம் நினைத்த வெப்பம் இங்கே உண்டு, அது நினைத்த குளிர்காற்று இல்லை. வாரம் தவறாமல் மலையேறும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு நான் சொல்வது, கையேடு அனுமதித்தால், 150 டிகிரிச் சூட்டிலும் 3.5க்குக் குறையாத பாகுத்தன்மை கொண்ட ஆயிலைத் தேர்ந்தெடுங்கள் என்பதே.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதற்கு மேலும் ஒரு படி கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதியால் டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பு அது; நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது அவ்வேலை இடையூறின்றி நடக்கும். டீசல் காரை நெடுந்தூரத்துக்கே எடுத்துச் செல்லும் ஐரோப்பிய வழக்கத்துக்கு அது பொருந்தியது. நம் ஊரில் வடிகட்டி சூடேறி எரிக்கத் தொடங்கும் நேரத்தில் வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. எரிப்பதற்கென்று கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டே போனால், வண்டி ஆயில் குடிக்கவில்லை என்று மகிழக் கூடாது. ஆயில் நீர்த்துப்போகிறது என்பதற்கான அறிகுறி அது. அத்துடன், இந்த வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஏசிஇஏ சி3 வகையில் சாம்பல் நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேல் போகக் கூடாது. பழைய ஏ3/பி4 வகையில் அது இருமடங்கு வரை இருக்கலாம். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். நல்ல ஐரோப்பிய ஆயில் என்ற ஒரே காரணத்துக்காக ஏ3/பி4 ஆயிலை இத்தகைய வண்டியில் ஊற்றி, பிறகு வடிகட்டிக்கே பெருந்தொகை செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் கார் பற்றியது. சேலத்துத் தெருக்களில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கார் தரங்களை வகுத்தவர்களின் மனத்தில் அவை இல்லை. நம் பைக்கில் இன்ஜின், கியர்பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதுவும் பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவில்தான். மைலேஜுக்காக அமெரிக்கக் கார் ஆயிலில் சேர்க்கப்படும் உராய்வு குறைப்பான்கள் கிளட்ச் தட்டுகளையும் வழுக்கச் செய்யக்கூடியவை. ஜப்பானியர்கள் இதை உணர்ந்து 1998இல் ஜாசோ எம்ஏ, எம்பி என்ற தனி வகைப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக்குக்கு எம்ஏ, கிளட்ச் உலர்ந்திருக்கும் ஸ்கூட்டருக்கு எம்பி. மேலும் கியர்ப் பற்களுக்கிடையே அரைபடும்போது, ஆயிலைச் சூட்டில் தடிமனாக வைத்திருப்பதற்காகச் சேர்த்த பாலிமர் இழைகள் அறுபட்டு, ஆயில் விரைவில் மெலிந்துவிடும். காற்றால் மட்டுமே குளிரும் நூறு சிசி பைக்கில் இருவராய் ஏறி, ஏற்காட்டு வளைவுகளில் முதல் கியரில் உறுமிக்கொண்டு போகும்போது, அந்த ஒரு லிட்டர் ஆயில்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் வேலையிலும் பெரும்பங்கு செய்கிறது. விலை உயர்ந்த கார் ஆயிலை அன்போடு தன் பைக்குக்கு வாங்கி ஊற்றும் இளைஞர்களிடம், எஸ்பி என்ற எழுத்தைப் பார்க்கும் முன் ஜாசோ எம்ஏ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள் என நான் தவறாமல் சொல்லி வருகிறேன்.

லாரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் கனரக லாரிகள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் 90 கிலோமீட்டருக்குள் ஒரே சீராக ஓடுகின்றன. அவற்றில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டுவதும் உண்டு. சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் புறப்படும் நம் லாரிகள் தொப்பூர் ஏற்றத்தில் திணறி, செவ்வாய்பேட்டையில் சரக்கு இறக்கக் காத்து, இன்ஜினை அணைக்காமலே நிற்கின்றன. அந்த நேரமெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் ஏறுவதில்லை. ஆயிலில் மட்டும் கரி ஏறுகிறது. லாரிக்கு இன்ஜின் ஓடிய மணிக்கணக்கையும் பார்த்தே ஆயில் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் நமக்கு நிலைமை மேம்பட்டிருக்கிறது: 2020 முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டதால், கந்தக அமிலத்தை முறிப்பதிலேயே ஆயில் தன் சக்தியை இழக்கும் பழைய நிலை இப்போது இல்லை.

அமெரிக்கக் கார்க் கையேடுகளில் ஆயில் மாற்றும் இடைவெளி பெரும்பாலும் இரண்டு விதமாகத் தரப்படும். சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடுமையான பயன்பாட்டுக்கு ஒன்று. இரண்டாவது பல இடங்களில் முதலாவதில் பாதியே. கடுமையான பயன்பாடு என்று அவர்கள் பட்டியலிடுபவை: குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று செல்லும் நெரிசல், தூசி, கடும் வெப்பம், மலைப்பாதை, அதிக பாரம். அமெரிக்கருக்கு விதிவிலக்காக வைக்கப்பட்ட இந்தப் பட்டியலில் சேலத்து வாகனம் ஒன்றின் அன்றாட வாழ்க்கை அப்படியே அடங்கிவிடுகிறது. மாக்னசைட் சுரங்கப் பகுதியைச் சுற்றி ஓடும் வண்டிகளின் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தூசி பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக் கையேடுகள் பலவற்றிலும் இதே குறிப்பு உண்டு. ஆனால் அது பின்பக்கத்தில் சிறு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. சர்வீஸ் நிலையத்தில் கண்ணாடியில் ஒட்டித் தரப்படும் அட்டையில் சாதாரணப் பயன்பாட்டுக்கான எண்ணே எழுதப்படுகிறது.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வாகன நிறுவனங்கள் தமிழ்நாட்டில் விற்கும் வண்டிகளுக்குக் கடுமையான பயன்பாட்டுக்கான இடைவெளியைத் தமிழில், முன்பக்கத்திலேயே அச்சிட்டுத் தர வேண்டும். ஆயில் மாற்றியதற்கான ரசீதில் தொகையை மட்டும் எழுதாமல், ஊற்றிய ஆயிலின் பாகுத்தன்மை எண்ணையும் ஏபிஐ, ஏசிஇஏ, ஜாசோ குறியீட்டையும் எழுத வேண்டும். பீப்பாயிலிருந்து ஊற்றும் இடங்களில் என்ன ஊற்றினார்கள் என்பது இன்று வாடிக்கையாளருக்குத் தெரியவே வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஜின் ஆயிலுக்கென ஐஎஸ் 13656 என்ற தரத்தை வைத்திருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம், டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தையும் புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சிச் சங்கத்தையும் துணைக்கொண்டு, நம் ஓட்டத்தை, அதாவது நகரத்துக் குறுகிய ஓட்டம், மலையேற்றம், எத்தனால் கலந்த பெட்ரோல், காற்றால் குளிரும் பைக் ஆகியவற்றைப் பிரதிபலிக்கும் சோதனைகளை அத்தரத்துக்குள் கொண்டுவர வேண்டும். தங்கள் பழக்கத்தைக் கவனித்துத் தங்களுக்கென ஒரு தரத்தை வகுத்துக்கொள்ள ஐரோப்பியருக்கும், அமெரிக்கருக்கும், ஜப்பானியருக்கும் இருந்த உரிமை நமக்கும் உண்டு.

தரங்களைத் திருத்தும்போது அமைவனம் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். சேலம், நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர்களும், ஏற்காட்டு வாடகை வாகன ஓட்டுநர்களும், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும், பட்டறைக்காரர்களும் தங்களிடம் உள்ள சர்வீஸ் பதிவேடுகளை இப்போதிருந்தே ஒழுங்காகச் சேர்த்து வைத்தால், அடுத்த வரைவு வரும்போது கருத்தோடு கணக்கையும் சேர்த்து அனுப்ப முடியும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.